ஓரத்தில் நின்ற மனிதர்

துரைராசாவுக்கு யுத்தப் படம் என்றால் உயிர். யுத்தம் அல்ல, யுத்தப் படம். யுத்தத்தை அவர் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பங்கருக்குள் குப்பி விளக்கு வைத்துப் படித்து, சாமான் சட்டியோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போட்ட மனுஷன் அவர். இருந்தும் டாங்கி உறுமுகிற படம் ஒன்று கையில் அகப்பட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடும். மனைவி ஜெகதீஸ்வரிக்கு இது விளங்கவே விளங்காது. முதல் வெடிச்சத்தத்திலேயே எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். “சீவியம் முழுக்கப் பாத்தது காணாதே உங்களுக்கு?” என்று அங்கிருந்தபடியே கேட்பாள். காணும்தான், யார் இல்லையென்றது? ஆனால் படத்தில் வருகிற யுத்தம் இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறதே! சத்தம் கூடினால் குறைக்கலாம். இடையில் எழும்பவேண்டி வந்தால் நிறுத்திவிட்டுப் போகலாம். அசல் யுத்தத்தில் இந்தச் சலுகையை யார் தந்தார்கள்?

அவருக்குத் தொழில் சரித்திரம். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார், மிச்ச நேரத்தில் அலைகிறார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி முழுவதும். அதற்காக கோலாலம்பூர் போனார், லண்டன் போனார், தாய்லாந்தில் மழையில் நனைந்துகொண்டு பாலம் பார்க்கப் போனார். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை; புல்லை மட்டமாக வெட்டிப் பூக்கூட நட்டிருந்தது. பெயர் சொல்லித் தமிழன் ஒருவனுக்கு ஒரு கல் அவர் கண்ணில் படவில்லை. அந்த ரயில் பாதையைப் பற்றி வந்த படங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றிலும் சிப்பாய்மார் முன்னால் நின்று வீர வசனம் பேசுவார்கள். பின்னால், மங்கலாக, யாரோ கூடை தூக்கிக்கொண்டு போவார்கள். துரைராசா அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூடை தூக்குகிறவனின் முகத்தைத் தேடுவார். முகம் இருக்காது.

இப்படி இருபது வருஷம். பயணம் போய்ப் போய் அவருக்குப் பயணமே வெறுத்துவிட்டது. மலிவு அறைகளின் மெத்தை முதுகைத் தின்றது, பிரஷர் குளிசை ஒன்றிலிருந்து மூன்றானது, எழுதிய புத்தகத்தை எழுதினவரும் அச்சுக்கோத்தவரும் படித்தார்கள். போதும் போதும் என்று ஆகியிருந்த வேளையில்தான் சஞ்சயன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சின்ன வயதில் வெளிநாடு போனவன், படம் எடுக்கிறவன். அந்தப் புத்தகத்தைப் படித்த மூன்றாவது ஆள்! அதைப் படமாக எடுக்கப்போகிறான், துரைராசாதான் சரித்திர ஆலோசகர், படத்தின் தொடக்கத்தில் பெயரும் போடுவான். இத்தனை காலமும் பின்னால் மங்கலாகப் போனவர்கள் ஒருமுறையாவது முன்னால் வருவார்கள் அல்லவா?

மலாயாவில் எடுக்க வசதிப்படவில்லையாம், இலங்கையிலேயே எடுக்கலாமாம். மலாயாவிலும் மலைப்பக்கம் தேயிலை உண்டுதானே என்று சஞ்சயன் கதையை ரப்பர்த் தோட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் தூக்கி வைத்துவிட்டான். துரைராசா முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆக, யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து படக்காரரின் வான் வண்டியில் குலுங்கிக் குலுங்கி அக்கரப்பத்தனைப் பக்கத்து ஒரு தோட்டம். இறங்கும்போது இரண்டு காலும் வீங்கியிருந்தன. ஆனாலும் மனுஷன் சின்னப் பிள்ளைபோல் இருந்தார். வந்த நாள் முதல் ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. இந்தப் பொத்தான் அந்தக் காலத்தில் இல்லை, அந்தச் செருப்பைக் கழற்று, இந்தக் கோப்பையின் கைப்பிடி பிழை. உடுப்புப் பெட்டிக்குப் பொறுப்பான பிள்ளை அவரைத் தூரத்தில் கண்டாலே பெட்டியை மூடத் தொடங்கினாள்.

அன்று எடுக்க இருந்ததுதான் படத்தின் உயிரான இடம். ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆண்களில் ஒருவன் மட்டும் உயிர் பிழைத்துத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, மற்றவர்கள் செத்துப்போனார்கள் என்கிறான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் சாவுத்தப்பு அடிக்கிறார்கள். சத்தம் கேட்டுப் பெண்கள் தேயிலைக்குள்ளிருந்து ஓடி வருகிறார்கள். ஓடி வருவதற்கு இந்தத் தோட்டத்து லய வீடுகளிலிருந்தே பெண்களைப் பிடித்து, பழைய நூல் சேலை கட்டிவிட்டு, மேட்டில் தயாராக நிறுத்தியிருந்தார்கள். தப்பு அடிக்க, தோட்டத்தில் நல்லது கெட்டதுக்கெல்லாம் அடிக்கிற செல்லசாமியையே கூப்பிட்டிருந்தார்கள். அவர் தப்பின் தோலைத் தீயில் காட்டி இறுக்கிக்கொண்டே கேட்டார்.

“என்னா அடி வேணுமுங்க?”

“சாவுக்கு அடிக்கிற அடி” என்றார் துரைராசா.

செல்லசாமி தப்பைத் தீயிலிருந்து எடுத்துவிட்டார். “பெரட்டுக்கு அடிக்கிறத அடிக்கிறேங்க. சாமிக்கு அடிக்கிறத அடிக்கிறேன். சாவுக்கு அடிக்கிறது மட்டும் வேணாமுங்க சேர். பொணம் இல்லாம அத அடிக்கப்படாது.”

சஞ்சயன் பிரச்சினைப்படுகிற ஆள் இல்லை. “அப்ப வேற அடி அடிக்கட்டும் சேர். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

“எனக்குத் தெரியும்” என்றார் துரைராசா. உண்மையைச் சொன்னால், இந்த அடிக்கும் அந்த அடிக்கும் அவருக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் வீம்பு வந்துவிட்டது. இருபது வருஷம் காத்திருந்த காட்சி, இதிலும் ஒப்புக்கு ஒரு சத்தம் போட்டுச் சமாளிப்பதா? செல்லசாமியைக் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணை, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. உங்கட ஆக்களும் அந்தச் சனமும் ஒரே ஊர்களிலை இருந்து கப்பலேறினவை. திருச்சி, சேலம் எண்டு. ஒரு கப்பல் இஞ்ச வந்தது, மற்றது மலாயாவுக்குப் போச்சு. அங்க போனவையைத்தான் அந்த றெயில் றோட்டுக்குக் கொண்டு போனவங்கள். கொலராவிலை செத்தவையைக் கிடங்கு வெட்டித் தள்ளிப்போட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனதுகள் அண்ணை. ஒருத்தருக்கும் தப்பு அடிக்கேல்லை. நீங்கள் இண்டைக்கு அடிச்சால் அது அவைக்கு அடிச்சதாயிருக்கும்.”

இதே பேச்சை அவர் கோலாலம்பூரில் ஒரு மாநாட்டில் பேசியிருக்கிறார். அங்கே ஆட்கள் தேத்தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள். செல்லசாமி அசையாமல் நின்று கேட்டார். கேட்டு முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அப்பிடின்னா அடிக்கிறேங்க. ஆனா ஒண்ணு. எல்லா மலைக்கும் ஆளனுப்பிச் சொல்லிப்புடுங்க. லயத்துல இருக்கவங்களுக்கு இது படம்னு தெரியும். மேமலையில கொழுந்தெடுக்குறவங்களுக்குத் தெரியாது. கேட்டா வேலையப் போட்டுட்டு எறங்கி வந்துருவாங்க. அழகுமுத்து வேற ஆஸ்பத்திரியில கெடக்குறான். அவன் பொஞ்சாதி பேச்சியம்மா மேமலையிலதான் நிக்கிது.”

“சொல்லுவம், சொல்லுவம்” என்று துரைராசா படக்காரப் பையன் ஒருவனை ஆட்டோவில் ஏற்றி மேமலைக்கு அனுப்பினார். அங்கே போகிற பாதை தோட்டத்து லொறிக்கே சவால் விடுகிற பாதை. ஆட்டோ போனது போனதுதான். காலையிலிருந்து மலையை மூடிக்கிடந்த மூட்டம் இந்த நேரம் பார்த்துத்தானா விலகவேண்டும்? பெரட்டுக்களம் முழுவதும் மஞ்சளாக ஒரு வெயில் விழுந்தது. சஞ்சயன் கமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான்.

“சேர், வெளிச்சம் வந்திட்டுது! இப்ப எடுக்காட்டி இண்டைக்கு இல்லை!”

செல்லசாமி துரைராசாவைப் பார்த்தார். “மேமலைக்குச் சொல்லியாச்சுங்களா?”

“சொல்லியாச்சு” என்றார் துரைராசா. ஆட்டோ போய் இவ்வளவு நேரமாகிறதே, சொல்லாமலா இருப்பான்? அப்படித்தான் அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

செல்லசாமி கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடித்தார். அட, அதுவா வேறு அடியால் சமாளிக்கிற சத்தம்! மேட்டில் நின்ற பெண்களுக்கு ஓடச் சொல்லவேண்டியிருக்கவில்லை, கால் தானாக ஓடியது. நடிக்கச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது முகம் செத்து ஓடி வந்தார்கள். துரைராசா கமராவுக்கு வலப்பக்கமாக, தான் எங்கே நிற்கிறோம் என்ற நினைவே இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் எதிர்ப்பக்கத்துத் தேயிலையைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். பாதை வழியாக வரவில்லை, செடியோடு செடியாக விழுந்து எழும்பி வந்தாள். முதுகில் கொழுந்துப் பை ஆடியது. ஓரிடத்தில் கால் தடுக்கி முழங்காலில் விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. வெகு நேரம் சத்தம் வரவில்லை. பெரட்டுக்களத்தை மிதித்த பிறகுதான் அடிவயிற்றிலிருந்து அது வந்தது, அதைக் கேட்டுத் தப்பே ஒரு கணம் தடுமாறியது. செல்லசாமி அடியைக் குறைத்துத் துரைராசாவைப் பார்த்தார். அவர் கையைத் தூக்கி, நிறுத்தவேண்டாம், அடி, அடி என்று காட்டினார். என்ன நடிப்பு! எங்கே பிடித்தான் சஞ்சயன் இவளை? இத்தனை வருஷம் பார்த்த அத்தனை படத்திலும் இப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. கண்ணீர் தாரையாக ஓடியது அவருக்கு.

காலையிலிருந்து பொத்தான் பொத்தானாகப் பிழை பிடித்த மனுஷன், அவள் ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கு பச்சை பிளாஸ்டிக் என்பதைக் காணவில்லை.

அவள் நேராக வந்து செல்லசாமியின் தப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எப்பண்ணே? எப்பண்ணே போச்சு? காலையில நல்லாருக்காருன்னுதானேண்ணே தர்ஷன் சொன்னான்!”

செல்லசாமியின் கையிலிருந்து குச்சி விழுந்தது. “யாரும் போவல தங்கச்சி. அழகுமுத்துக்கு ஒண்ணும் இல்ல. இது படத்துக்கு.”

“படத்துக்கா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கமராவை, வெள்ளைத் துணி கட்டிய லைட்டை, பழைய சேலை கட்டி நின்ற தன் லயத்துப் பெண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மேமலையிலிருந்து மற்றப் பெண்களும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஐயோ, அந்த ஆட்டோவும் வந்து சேர்ந்தது. பாதி வழியில் சேற்றில் புதைந்துவிட்டதாம்.

“யாருங்க அடிக்கச் சொன்னது?” என்று பேச்சியம்மா கேட்டாள்.

செல்லசாமி துரைராசாவைப் பார்த்தார். “நான்தான்” என்றார் துரைராசா. அவள் அவரை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை.

ஆஸ்பத்திரியில் தகப்பனோடு நிற்கிற மகன் தர்ஷனுக்குச் செல்லசாமி போன் போட்டார். அப்பா நல்லாயிருக்கிறார், இப்போதுதான் கஞ்சி குடித்தார் என்றான் அவன். போனைப் பேச்சியம்மாவின் காதில் வைத்தார்கள். கேட்டாள், தலையை ஆட்டினாள், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“மறைக்கிறான்” என்றாள். “மொதல்ல எல்லாரும் நல்லாருக்காருன்னுதான் சொல்லுவாங்க. எங்கப்பா போனப்பவும் அப்பிடித்தான் சொல்லிக் கூட்டிக்கிட்டு போனாங்க.”

அதற்கு மேல் யார் என்ன சொல்வது? தப்புச் சத்தத்தைக் காதால் கேட்டவளுக்கு இனிக் கண்ணால் பார்த்தால்தான் ஆகும். துரைராசா படக்காரரின் வானில் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவள் சீற்றில் சாய்ந்து உட்காரவில்லை. படங்கும் பையும் அப்படியே இருக்க, நுனியில் குந்திக்கொண்டு, முன் சீற்றின் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். வளைவுக்கு வளைவு வான் சாய்ந்தது. சேற்றிலும் முள்ளிலும் கிழிபட்ட அவள் காலைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தார். வாழ்நாள் முழுக்க இறந்தவர்களைப் பற்றிப் பேசியே சம்பாதித்த வாய், ஒரு சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் இல்லை. வாசல் காவல்காரரிடம் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சி உள்ளே போனார்கள். வார்டின் கோடியில் அழகுமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பணிஸைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். மெலிந்து, கழுத்து எலும்பு தெரிந்தது. ஆனால் உயிரோடு, கடைவாயில் பணிஸ் துணுக்கோடு.

“என்னா புள்ள, படங்கோட வந்து நிக்கிற? கொழுந்து நெறுத்தாச்சா?”

பேச்சியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஒங்களப் பாக்கணும்போல இருந்துச்சு” என்றாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

“பைத்தியக்காரி” என்றார் அவர், மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்றவரைக் கண்டார். “ஐயா யாருங்க?”

“தோட்டத்துல படம் எடுக்குறாங்கள்ல, அவங்க” என்றாள் அவள்.

அழகுமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. “என்னா படமுங்க?”

“சண்டைப் படம்” என்றார் துரைராசா.

“நெசமா? எனக்குச் சண்டப்படம்னா உசுருங்க! அந்தப் பெரிய பீரங்கி, கப்பல் எல்லாம் வந்து வெடிக்கும் பாருங்க, அதெல்லாம் ஒண்ணு விடமாட்டேன். இது திட்டும், நான் கேக்கமாட்டேன். எப்பங்க டிவியில போடுவாங்க? நம்ம தோட்டம் எல்லாம் வருமா?”

“வரும்.”

“நான் இருக்கையிலயே போட்டுருங்க ஐயா” என்று சொல்லி அழகுமுத்து சிரித்தார். சிரிப்பு இருமலானது. பேச்சியம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே துரைராசாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் விளங்கியது.

வெளியே வந்து வராந்தாவில் நின்றார்கள். மழை பிடித்திருந்தது. அவள் அப்போதுதான் இடுப்புப் படங்கை அவிழ்த்து, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“சேர், நான் ஓடியாந்தத அந்த மிசின்ல புடிச்சிட்டாங்களா?”

“புடிச்சிருப்பினம்.”

“அது வரப்படாதுங்க. அவரு கட்டாயம் பாப்பாரு. ஒக்காந்து பாக்குறப்ப நான் அப்பிடி ஓடியாந்தா, தான் செத்ததத் தானே பாத்த மாரி ஆயிருமுங்க.” கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “டாக்டரு எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாருங்க. ரொம்ப நாள் இல்ல. அது அவருக்குன்னு இருந்த அழுக. அவரு போறப்ப அழுவுறதுக்கு இருந்தது. அதப் போயி இன்னைக்கு... அவருக்கு முன்னாடி அத ஊருக்குக் காட்டிப்புடாதீங்க.”

“அழிக்கச் சொல்லுறன் அம்மா. கட்டாயம் அழிக்கச் சொல்லுறன்” என்றார் துரைராசா. எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவள் வார்டுக்குள் திரும்பிப் போனாள்.

அவர் தோட்டத்துக்குத் திரும்பும்போது பின்னேரம். படக்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி பெரட்டுக்களத்தில் இல்லை. எப்போதோ தப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம், கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம். பழைய தோட்டத்துக் கொட்டிலுக்குள் சஞ்சயன் சின்னத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

“எப்பிடி இருக்கிறார் சேர்?”

“இருக்கிறார். தம்பி, அந்தப் பிள்ளை ஓடி வந்ததை அழிச்சுப்போடு. அவ கேட்டவ.”

சஞ்சயன் முகத்தைத் தடவிக்கொண்டான். கெட்ட பிள்ளை இல்லை, பாவம். அவனும் பகல் முழுக்க மனம் கெட்டுப்போய்த்தான் இருந்திருக்கிறான். “நீங்கள் சொன்னால் அழிக்கிறன் சேர். உங்கட புத்தகத்தாலை வந்த படம் இது. ஆனால் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

பார்க்காமலே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவேண்டும். துரைராசா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

திரையில் தப்பு அடித்தது. பெண்கள் ஓடினார்கள். தேயிலை பிளந்தது. அவள் விழுந்தாள், எழுந்தாள். சத்தமில்லாத அந்த வாய். மஞ்சள் வெயில் அந்த முகத்தில் விழுந்து, நெற்றி வியர்வைவரை தெரிந்தது. இருபது வருஷமாகப் படத்தை நிறுத்தி நிறுத்தித் தேடிய முகம். முன்னால், பெரிதாக, மங்காமல்.

“இன்னொருக்காப் போடு” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சஞ்சயன் போட்டான். இந்தமுறை அவர் அவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுப் பார்வையை விலக்கினார். அப்படி விலக்கியபோதுதான் திரையின் வலது ஓரத்தில் ஒரு ஆள் நிற்பதைக் கண்டார். காற்சட்டை, மழைக்கோட்டு, தலையில் ஒரு தொப்பி. அவள் விழுந்து எழும்பி ஓடி வந்துகொண்டிருக்க, அந்த ஆள் கையைத் தூக்கி, நிறுத்தவேண்டாம், அடி, அடி என்று காட்டிக்கொண்டிருந்தார். வாய் பிளந்திருந்தது. முகத்தில், கடவுளே, எவ்வளவு சந்தோஷம்!

“அது பிரச்சினையில்லை சேர்” என்றான் சஞ்சயன், அவர் பார்வை போன இடத்தைக் கண்டுவிட்டு. “நீங்கள் பிறேமுக்குள்ள வந்திட்டீங்கள். கொம்பியூட்டரிலை உங்களை எடுத்துப்போடலாம். படங்கின்ர பச்சையையும் மாத்தலாம். உங்களை அழிக்கிறது சின்ன வேலை.”

துரைராசா, தான் பார்த்த அத்தனை படத்திலும் இப்படி எத்தனை பேரைச் சின்ன வேலையாக அழித்திருப்பார்கள் என்று நினைத்தார். அழ வைத்தவன் ஓரத்தில் இல்லாமல் போக, அழுதவள் மட்டும் நடுவில் நிற்பாள். எல்லாரும் பார்த்துக் கண் கலங்குவார்கள். அழகுமுத்துவும் பார்ப்பார்.

“என்னை அழிக்காதை” என்றார்.

“விளங்கேல்லை சேர்.”

“அவ நிக்கிற இடத்திலை நானும் நிக்கோணும். இந்தக் கையோட, இந்த வாயோட. அப்பிடிப் போடுறதெண்டால் போடு.”

“நீங்கள் நிண்டால் இந்த ஷொட்டைப் பாவிக்கேலாது சேர்.”

“தெரியும் தம்பி.”

சஞ்சயன் அவரைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். “இப்பிடி ஒண்டு இனிக் கிடையாது” என்றான். அழுதுவிடுவான்போல இருந்தது. அவர் எழுந்து போகவில்லை. கடைசியில் அவன் அதை அழித்தான், கொப்பி எடுத்து வைத்திருந்ததையும் அவர் கண் முன்னாலேயே அழித்தான். பிறகு எழுந்து வெளியே போனான். அந்தக் காட்சி இல்லாமல் படம் என்னவாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கூடை தூக்குகிறவர்கள் மறுபடியும் மங்கலாகத்தான் போவார்கள்.

அடுத்த நாள் துரைராசா ஊருக்கு வெளிக்கிட்டார். இனி ஆலோசனை சொல்ல அவரிடமும் ஒன்றுமில்லை, கேட்க அவர்களுக்கும் விருப்பமில்லை. ஹட்டனில் பஸ் ஏறி, வீங்கின காலை நீட்ட இடமில்லாமல் மடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். வரும்போது பாதியில் நிறுத்திய படம் அப்படியே நின்றது. எரிகிற ஊர், ஒரு தாய், அவள் மடியில் பிள்ளை. அவருக்கு மிகவும் பிடித்த படம் அது, அந்த இடத்தில் எப்போதும் கண் நிறையும். வயர்களைக் காதில் மாட்டி ஓடவிட்டார். தாய் அழுதாள். துரைராசா அவளைப் பார்க்கவில்லை. திரையின் வலது ஓரத்தைப் பார்த்தார், பிறகு இடது ஓரத்தைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. புகை மட்டும் இருந்தது.

அவர் படத்தை நிறுத்தி, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.